செம்மஞ்சள் முதுகு மரங்கொத்தி: இது எத்தனை வீதம் கலப்பு?

வன்னிக்காற்று:

வணக்கம். நான் வவுனியாப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் பறவை பார்க்கிறேன். உயிரியலைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்டேன், அதனால் கொஞ்சம் இறங்கி வந்து விளங்கப்படுத்துங்கள்.

எங்கள் வளவில் வட்டு விழுந்த தென்னை ஒன்று நிற்கிறது. அதில் ஒரு மரங்கொத்திச் சோடி பொந்து வைத்திருக்கிறது. பெண் பறவை வழக்கமான மஞ்சள் முதுகு. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுப் பனைகளில் பார்க்கிற அதே பறவைதான். ஆணைப் பார்த்துத்தான் குழம்பிப் போனேன். முதுகு மஞ்சளும் இல்லை, கண்டிப் பக்கம் காண்கிற கடுஞ்சிவப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவே செம்மஞ்சள். தோளுக்குக் கிட்டச் சிவப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, கீழே போகப் போக மஞ்சள் பக்கம் சாய்கிறது. நல்ல வெயிலிலும் பார்த்தேன், மழை மந்தாரத்திலும் பார்த்தேன், நிறம் அப்படியேதான்.

என்னுடைய கேள்விகள் இவை. இது மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த கலப்பு என்றால், எத்தனை வீதம்? சரி பாதியா, காலா? படம் எடுத்து நிறத்தை அளந்தால் கணக்குச் சொல்லலாமா? அடுத்தது, கலப்பு என்றால் கோவேறு கழுதை மாதிரி மலடாக இருக்காதா? அப்படியென்றால் இந்தப் பெண் பறவை சும்மா முட்டையிட்டுக் காத்திருக்கிறதா? கடைசியாக, இரண்டும் சேர்ந்து குஞ்சு பொரிக்கும் என்றால் புத்தகத்தில் ஏன் இரண்டு இனம் என்று போட்டிருக்கிறார்கள்?

பொருநைக்கரை:

முதலில் அலகையும் கண்ணையும் பாருங்கள் நண்பரே. உங்கள் நாட்டில் சிவப்பு முதுகோடு இரண்டு மரங்கொத்திகள் உண்டு. ஒன்று டைனோபியம் வகை, அலகு கருப்பு, கண் கருமை. இன்னொன்று கிரைசோகொலாப்டெஸ் வகை, ஆள் பெரியது, அலகு தந்த நிறம், கண் வெளிறியிருக்கும். முதுகை மட்டும் பார்த்து இனம் சொன்னால் ஏமாந்து போவீர்கள்.

மற்றபடி, கலப்பினத்துக்கு வாரிசு இருக்காது என்றுதான் நான் படித்தது. முட்டை பொரிக்காது என்றே நினைக்கிறேன்.

வன்னிக்காற்று:

அலகு கருப்பு அண்ணா, கண்ணும் கருமை. தொண்டை கருப்பில் வெள்ளைப் புள்ளிகள். பெரிய மரங்கொத்தி இல்லை, நிச்சயம்.

முட்டை பொரித்துவிட்டது. இரண்டும் மாறி மாறிப் பொந்துக்குள் போய் வருகின்றன, உள்ளேயிருந்து குஞ்சுகளின் இரைச்சல் முற்றம் வரை கேட்கிறது.

இறகுக்காரி:

தம்பி, உங்கள் கேள்விகளுக்குப் பாதிப் பதில் என் வேலை மேசையிலேயே கிடக்கிறது. அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

சென்னையில் ஒரு சின்ன ஆய்வகத்தில், பறவை ஆணா பெண்ணா என்று டிஎன்ஏ பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கிளி வளர்ப்பவர்கள் தபாலில் இறகு அனுப்புவார்கள். கூண்டின் தரையிலிருந்து பொறுக்கிய இறகு பெரும்பாலும் உதவாது. நெஞ்சிலிருந்து பிடுங்கிய இறகின் அடிநுனியில்தான் செல் ஒட்டியிருக்கும். அந்த நுனியை நறுக்கி, டிஎன்ஏவைப் பிரித்து, சிஎச்டி1 என்ற மரபணுவின் ஒரு துண்டைப் பிசிஆர் என்ற முறையில் கோடிக்கணக்கில் நகலெடுத்துப் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவோம். ஆணுக்கு ஒரு கோடு விழும், பெண்ணுக்கு இரண்டு. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அந்த மரபணு இரண்டிலும் இருக்கிறது, ஆனால் நாங்கள் பெருக்கும் துண்டின் நீளம் இசட்டில் ஒன்று, டபிள்யூவில் வேறொன்று. வருடக்கணக்கில் ‘ராஜா’ என்று கூப்பிட்ட மக்காக் கிளிக்கு இரண்டு கோடு விழுந்தால், ஏதோ நான்தான் மாற்றிவிட்ட மாதிரி சண்டைக்கு வருவார்கள். அது என் தலைவிதி.

மலடு விஷயத்துக்கு இந்த இசட்-டபிள்யூ கணக்கு முக்கியம், அதனால்தான் சொல்கிறேன். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1922ல் ஒரு விதி சொன்னார். இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் பிள்ளைகளில் ஒரு பால் மட்டும் பிறக்காமல் போனால், அல்லது மலடாகப் போனால், அது இரு வேறு பால்குரோமோசோம் வைத்திருக்கும் பாலாகத்தான் இருக்கும். பாலூட்டிகளில் அது ஆண். பறவைகளில் பெண். (இந்த ஹால்டேன் 1957ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை வாங்கி, 1964ல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.)

ஏன் பெண்? ஆண் கலப்புக்கு இரண்டு இசட் இருக்கிறது, இரண்டு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொன்று. ஒரு இசட்டில் உள்ள மரபணு மற்ற இனத்துக் குரோமோசோம்களோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், அடுத்த இசட்டில் உள்ளது சமாளித்துவிடும். பெண்ணுக்கு ஒரே இசட். அதில் உள்ள கோளாறு அப்படியே வெளியே வரும். சுவீடனின் கோட்லாந்து, ஓலாந்து தீவுகளில் இரண்டு வகைக் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான்கள் சேர்கின்றன. அவற்றின் கலப்பு மகள்கள் மலடு.

ஆகவே பொருநைக்கரை அண்ணன் சொன்ன ‘வாரிசு இருக்காது’ எல்லாக் கலப்புக்கும் பொருந்தாது. இரண்டு இனமும் பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைப் பொறுத்தது அது. பிரிந்து நெடுங்காலம் ஆனவை சேர்ந்தால் குஞ்சே வராது. கொஞ்சம் கிட்ட இருந்தால் மகன்கள் தப்பிப்பார்கள், மகள்கள் மலடாவார்கள். இன்னும் கிட்ட இருந்தால் இருவருமே பெற்றுப் பெருகுவார்கள். உங்கள் பொந்திலிருந்து இரைச்சல் வருகிறது என்றால், அந்த ஆண் மலடு இல்லை என்பதற்கு அது போதும். வேறு ஆண் வந்து போயிருந்தால் தவிர! பறவைகளில் அதுவும் நடக்கும், நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள்.

இனி வீதம். கணித வாத்தியார் என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லலாம்.

‘எத்தனை வீதம்’ என்பதில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. பறவையின் மொத்த மரபணுத்தொகுதியில் சிவப்புப் பக்கத்திலிருந்து வந்தது எவ்வளவு என்பது ஒன்று. முதுகு எவ்வளவு சிவப்பு என்பது இன்னொன்று. முதல் தலைமுறைக் கலப்பில் மட்டும்தான் மரபணுக் கணக்குச் சுத்தம், பாதிக்குப் பாதி. அந்தப் பறவை ஒரு மஞ்சளோடு சேர்ந்தால் குஞ்சுகளுக்குச் சராசரி 25 சதவீதம். அவற்றுள் ஒன்று மறுபடி மஞ்சளோடு சேர்ந்தால் 12.5. முதல் கலப்புக்குப் பிறகு ஐந்து தடவை மஞ்சளோடே சேர்ந்தால் ஒன்றரை சதவீதத்துக்கு வந்து நிற்கும். சராசரி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டி ஒட்டப்பட்டுத் துண்டுகளாக இறங்குகின்றன. ஒரே பொந்துக் குஞ்சுகளில் ஒன்றுக்குக் கூட வரும், இன்னொன்றுக்குக் குறைய வரும்.

இப்போது நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு அந்த ஒன்றரை சதவீதத்துக்குள் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். பறவை கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள் வம்சம், முதுகு மட்டும் இன்னும் செம்மஞ்சள். மாறாக, நிற மரபணு முதல் சேர்க்கையிலேயே கழன்று போயிருந்தால், கால்பங்கு சிவப்பு வம்சத்தை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு பறவை பளிச்சென்ற மஞ்சளாக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். நிறத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கு மரபணுத்தொகுதி முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் டிஎன்ஏவின் எழுத்தை வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கும். மற்ற இனத்துத் துண்டுகள் நீளநீளமாகக் கிடந்தால் கலப்பு நேற்று நடந்தது. பொடிப்பொடியாகக் கிடந்தால் பழைய கதை.

உங்கள் ஊர்ப் பறவைகளுக்கு இந்த வேலை நடந்தே இருக்கிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்கிறார்கள். 2016ல் வந்த கட்டுரை, தோற்றமும் மரபணுவும் பார்த்து, சிவப்பு முதுகு மரங்கொத்தியை, அதாவது டைனோபியம் சரோடெஸை, தனி இனமாகவே கொள்ள வேண்டும் என்றது. அது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. வடக்கில் இருக்கும் மஞ்சள், எங்கள் தமிழ்நாட்டு டைனோபியம் பெங்காலென்ஸ் இனத்தின் துணையினம். 1944லேயே அதற்கு யாழ்ப்பாணத்தின் பெயரை வைத்து ஜாஃப்னென்ஸ் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே செம்மஞ்சள்கள்.

2024ல் வந்த கட்டுரைதான் எனக்குப் பெரிய விருந்து. மரபணுத்தொகுதி அளவில் பார்த்தபோது, இவை சந்தித்துக் கலக்கும் மண்டலத்தில் இரண்டு தரப்பு இல்லை, மூன்று. வடக்கின் மஞ்சள் பறவைகளே மரபணுவில் இரண்டு தனிக்கூட்டமாகப் பிரிந்தன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டும் அதே மஞ்சள் முதுகு. தெற்கின் சிவப்பு மூன்றாவது. அதோடு கலப்பு இரு பக்கமும் சமமாகப் போகவில்லை. தெற்குச் சிவப்பின் மரபணு வடிவங்கள் வடக்கு மஞ்சளுக்குள் கசிந்திருக்கின்றன. தோற்றம் மட்டும் அந்தந்த நிலத்தோடு நின்றுவிட்டது, வறண்ட வடக்கில் மஞ்சள், ஈரமான தெற்கில் சிவப்பு.

புரிகிறதா தம்பி? நீங்கள் செம்மஞ்சள் ஆணைச் சந்தேகப்படுகிறீர்கள். சோடியில் இருக்கும் மஞ்சள் பெண்ணை ‘வழக்கமானது’ என்று ஒரே வரியில் விட்டுவிட்டீர்கள். நானாக இருந்தால் முதலில் அவளுடைய டிஎன்ஏவைத்தான் கேட்பேன்.

கேனரி_மாமா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் காட்டுப் பறவை ஆள் இல்லை, கோவையில் கேனரி வளர்க்கிறவன். இறகுக்காரி சொன்னதைப் படித்ததும் என் கூண்டுதான் ஞாபகம் வந்தது.

சிவப்புக் கேனரி என்று ஒன்று உண்டு. கேனரி இயற்கையில் சிவப்பாகாது. 1920களில் ஜெர்மனியில் ஹான்ஸ் டங்கர் என்பவர், வெனிசுவேலாப் பக்கத்து ரெட் சிஸ்கின் என்ற சின்னச் சிவப்புக் குருவியை மஞ்சள் கேனரியோடு சேர்த்துத் தொடங்கிய வேலை அது. முதல் தலைமுறை செம்பு நிறத்தில் வரும். அதில் பெட்டை முட்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, சேவலை மட்டும்தான் மறுபடி கேனரியோடு சேர்க்க முடியும் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். அது ஏதோ அனுபவக் கணக்கு என்று இத்தனை நாள் விட்டிருந்தேன், இன்றைக்குத்தான் அதற்கு ஒரு விதியே இருக்கிறது என்று தெரிகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம். என் சிவப்புக் கேனரிக்கு இறகு மாற்றும் நேரத்தில் கலர் தீனி தராவிட்டால், அடுத்த இறகு மங்கலாக, செம்மஞ்சளாகத்தான் முளைக்கும். அப்படியானால் தம்பி வளவில் இருக்கும் ஆணும் சிவப்புப் பறவையே, சரியான தீனி கிடைக்காமல் வெளுத்தது என்று ஏன் இருக்கக் கூடாது?

இறகுக்காரி:

மாமா, நீங்கள் நடுவில் வந்தது நல்லதாகப் போயிற்று. நான் மேலே மூச்சுப் பிடித்து விளக்கியதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி உங்கள் கூண்டில்தான் இருக்கிறது.

வளர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு தலைமுறையிலும் சிவப்பானதை மட்டும் பொறுக்கி, மறுபடி மறுபடி கேனரியோடு சேர்த்தார்கள். நிறத்தைத் தவிர மற்ற சிஸ்கின் சொத்து எல்லாம் கழன்று போனது. இன்றைய சிவப்புக் கேனரி, மரபணுத்தொகுதி முழுக்கக் கேனரி. நிறத்துக்கு வேண்டிய இடங்களில் மட்டும் சிஸ்கின் துண்டு உட்கார்ந்திருக்கிறது. முதுகு, நெஞ்சு, எல்லாம் சிவப்பு, வம்சத்தில் சிஸ்கின் சொற்பம்.

அந்தத் துண்டு எங்கே என்று தேடித்தான் 2016ல் சிவப்பு நிறத்தின் மரபணுவைப் பிடித்தார்கள். பெயர் சிஒய்பி2ஜே19. அதே நேரத்தில் இன்னொரு குழு, சிவப்பு அலகுக்குப் பதில் மஞ்சள் அலகோடு பிறக்கும் ஜீப்ரா ஃபிஞ்சுகளில் தேடி அதே மரபணுவில் போய் முட்டியது. பறவை தன் உடம்பில் கரோட்டினாய்டு நிறமியை உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்கும். தீனியில் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள். அதைச் சிவப்பாக மாற்றும் நொதியைத்தான் இந்த மரபணு செய்கிறது. சிவப்புக் கேனரியின் தோலிலும் ஈரலிலும் அது வேலை செய்கிறது, சாதாரணக் கேனரியில் பெரிதாக இல்லை. (கிளிக்காரர்கள் யாராவது படித்தால் குழம்ப வேண்டாம். கிளிகள் இறகுக்கு வேறு நிறமியைத் தாங்களே தயாரிக்கின்றன, அது தனிக்கதை.)

காட்டிலும் இது எல்லை தாண்டுகிறது. தெற்கு ஆப்பிரிக்காவில் டிங்கர்பேர்டு என்று குக்குறுவான் கூட்டத்துப் பொடிக்குருவிகள், ஒரு இனத்துக்கு மஞ்சள் நெற்றி, இன்னொன்றுக்குச் சிவப்பு நெற்றி. எஸ்வாத்தினிப் பக்கம் இரண்டும் சந்திக்கும் இடத்தில், நெற்றி நிறம் ஒரு இனத்திலிருந்து மற்றதுக்குப் போனது இதே சிஒய்பி2ஜே19 வழியாகத்தான் என்று 2020ல் காட்டினார்கள். தம்பியின் மரங்கொத்திக்கும் இதுவேதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போக, மரபணுத்தொகுதியில் ஓரிடத்தில் மாறினாலே போதும் என்கிற அளவுக்குத்தான் சொல்கிறேன்.

தீனி விஷயம். கூண்டில் நீங்கள் சொல்வது சரி. இறகு முளைக்கும் காலத்தில் கிடைத்ததுதான் நிறத்தில் தெரியும், முளைத்த பிறகு என்ன கொடுத்தாலும் மாறாது. வெயிலில் நாளாக நாளாக வெளுக்கவும் செய்யும். ஆனால் தீனிதான் காரணம் என்றால், அதே வளவில் எறும்பு தின்னும் பெண் மட்டும் ஏன் சுத்த மஞ்சள்? தெற்கில் எங்கே பார்த்தாலும் சிவப்பு, வடமுனையில் எங்கே பார்த்தாலும் மஞ்சள், செம்மஞ்சள் மட்டும் நடுவில் ஒரு பட்டையில் என்று ஏன் ஒழுங்காக நிற்க வேண்டும்? தீனி ஒரு பறவையின் நிறத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். வரைபடத்தில் இப்படிப் பட்டை போட அதனால் முடியாது.

பொருநைக்கரை:

மலடு பற்றி நான் எழுதியது கழுதைக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மரபணு கசிகிறது, குஞ்சு பொரிக்கிறது, பொரித்தது மறுபடி பெருகுகிறது. பிறகு எதற்கு இரண்டு இனம்? நாளைக்கு எல்லாம் கலந்து இலங்கைக்கே உரிய சிவப்பு காணாமல் போனால்? இந்தக் கலப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டாமா?

இறகுக்காரி:

இரண்டையும் பிரித்துப் பேசலாம் அண்ணா.

ஐரோப்பாவில் காகம் இரண்டு. மேற்கே முழுக் கருப்பு, கிழக்கே உடம்பு சாம்பல், தலையும் சிறகும் மட்டும் கருப்பு. நடுவே, ஜெர்மனி வழியாக, ஒரு ஒடுங்கிய கலப்புப் பட்டை. 2014ல் இரண்டின் முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கத்தில் எல்லாக் காகத்திலும் ஒரு எழுத்து, மறுபக்கத்தில் எல்லாக் காகத்திலும் வேறொரு எழுத்து, அப்படி நிலையாக வேறுபட்ட இடங்கள் மொத்தமே 82. அதில் 81, 18ஆம் குரோமோசோமில் ஒரே பகுதிக்குள் குவிந்து கிடந்தன. மற்ற இடமெல்லாம் தாராளமாகப் போக்குவரத்து. அத்தனை போக்குவரத்துக்கு நடுவிலும் பட்டை அகலமாகவில்லை, கருப்பு கருப்பாகவும் சாம்பல் சாம்பலாகவும் நிற்கிறது. ஏனென்றால் காகம் தன் நிறத்தைப் பார்த்துத்தான் சோடி சேர்கிறது.

வட அமெரிக்காவின் கோல்டன்-விங்டு, புளூ-விங்டு வார்ப்ளர் என்ற இரண்டு சின்னக் குருவிகளும் இப்படித்தான். இரண்டின் மரபணுத்தொகுதியும் 99.97 சதவீதம் ஒன்று. வேறுபாடு ஆறு சின்னப் பகுதிகளில், அவற்றில் பல இறகு, நிறம் சம்பந்தப்பட்டவை. 1870களில் அவற்றின் கலப்புகளையே புது இனம் என்று நினைத்துத் தனிப் பெயர் வைத்தார்கள் என்பது உபரித் தகவல்.

அதனால் ‘கலந்தால் ஒரே இனம்’ என்ற கோட்டை இப்போது யாரும் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. கலப்பு மண்டலம் இரு பக்கமும் பரவி எல்லாவற்றையும் விழுங்குகிறதா, அல்லது ஒரு இடத்தில் நின்று இரண்டு பக்கமும் தன் தன் அடையாளத்தோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இலங்கையில் செம்மஞ்சள் நடுவில் நிற்கிறது. தெற்கே போனால் சிவப்பு சிவப்புதான்.

உங்கள் பயத்துக்கும் உண்மையான உதாரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வட அமெரிக்காவின் ரட்டி வாத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அது தப்பிப் பெருகி ஸ்பெயின் வரை போய், அங்கே ஏற்கெனவே குறைந்து போயிருந்த வெள்ளைத்தலை வாத்தோடு கலந்தது. கலப்புகள் மலடும் இல்லை. அதனால் ரட்டி வாத்தைச் சுட்டே குறைத்தார்கள். ஆனால் அது மனிதர் கொண்டுபோய் விட்ட பறவை. உங்கள் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இருக்கிற கடல் ஆழமே இல்லாத கடல். பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது நடந்தே போகலாம். அங்கே மஞ்சள் இருப்பதற்கும், அது சிவப்பைச் சந்தித்ததற்கும் யார் கையும் காரணம் இல்லை. அதில் போய்க் கட்டுப்படுத்த நாம் யார்?

வன்னிக்காற்று:

அக்கா, மாமா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மஞ்சள் பெண்ணைப் பற்றிச் சொன்ன வரி தலைக்குள்ளேயே நிற்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. குஞ்சுகள் வெளியே வந்தால் அவற்றின் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்லலாமா? ஒரு மரபணு என்றால் பாதிக் குஞ்சு செம்மஞ்சள், பாதி மஞ்சள் என்று வரும்தானே? பொந்துக்குக் கீழே இறகு விழுந்தால் எடுத்து அனுப்பட்டுமா?

இறகுக்காரி:

கணக்கு சரிதான் தம்பி. நிறத்தை ஒரே மரபணு தீர்மானித்தால், ஒரு பிரதியிலேயே பறவை செம்மஞ்சளாகும் என்றால், மஞ்சள் பெண்ணுக்குப் பிறப்பதில் சராசரி பாதி செம்மஞ்சள், பாதி மஞ்சள், நடுவே ஒன்றும் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்தால், அப்பன் நிறத்திலிருந்து அம்மா நிறம் வரை படிப்படியாக வரும். ஆனால் ஒரு பொந்தில் இரண்டு மூன்று குஞ்சு. அதை வைத்து விகிதம் சொன்னால் உங்கள் மாணவர்களே சிரிப்பார்கள். அந்த மண்டலத்தில் பல பேர் பல பொந்துகளைப் பார்த்துச் சேர்த்தால் மட்டும் அர்த்தம் வரும்.

இறகு அனுப்ப வேண்டாம். உதிர்ந்த இறகில் எனக்கு வேலை ஆகாது, பிடுங்கினால் உங்களுக்குச் சிக்கல். உங்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைத் தொடவே கூடாது, நாடு தாண்டி மாதிரி அனுப்புவது அதைவிடப் பெரிய வம்பு.

இன்னொன்று. செல்லின் கருவுக்கு வெளியே தனியாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய் வழியாக மட்டும் இறங்கும். யாராவது அதை மட்டும் சோதித்தால், உங்கள் குஞ்சுகள் அத்தனையும் அம்மா எந்த வம்சமோ அந்த வம்சம் என்று வரும், செம்மஞ்சள் அப்பன் கணக்கிலேயே இருக்க மாட்டான். கலப்பு பற்றிய பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த டிஎன்ஏவைப் பார்த்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

உங்களால் செய்யக்கூடியது படம். ஒரே மணி நேரத்தில், நிழலில், பொந்துக்குப் பக்கத்துத் தண்டு தெரியும்படி எடுங்கள். கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள், அது செம்மஞ்சளை இஷ்டத்துக்கு மாற்றும். சாம்பல் நிற அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிபார்க்கலாம். முதுகு, தொண்டை, உச்சந்தலை மூன்றும் வேண்டும். உச்சி முழுக்கச் சிவப்பென்றால் ஆண், முன்பாதி கருப்பில் வெள்ளைப் புள்ளி என்றால் பெண். பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஏற்றும்போது கலப்பு என்றே பதியுங்கள், ‘மஞ்சள் முதுகு’ என்று வசதிக்காகப் போட்டுவிடாதீர்கள். சோடியில் அடுத்த பறவை எந்த நிறம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். யார் யாரோடு சேர்கிறது என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது, அது உங்களை மாதிரி வளவில் மரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.